பழைய எம்.ஜி.பி. சீட்டுக்குத் தோலா, ரெக்சினா?

எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பழைய திறந்த காரைச் சீர்செய்யத் தொடங்கிய எவரும் சீட் வேலைக்கு வந்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். தோலில் தைப்பதா, ரெக்சினில் தைப்பதா? 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட கார் என்பதால், தைத்து முடித்த உறைகள் இரண்டு வகையிலும் இன்றும் கிடைக்கின்றன.

தோலில் உட்கார்ந்தால் முதுகு அவ்வளவாக வேர்த்து ஒட்டாது. நாளாக ஆக உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். அந்த வாசனைக்காகவே தோல் கேட்பவர்கள் உண்டு, அதில் தப்பும் இல்லை. ஆனால் வெட்டித் தைப்பவருக்கு அது பெரிய சோதனை. மாட்டுத்தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். வயிற்றுத் தோலை உட்காரும் இடத்துக்கு வெட்டிவிட்டால் சீக்கிரமே தொய்ந்து சுருக்கம் விழும். வேலிக்கம்பிக் கீறல், பூச்சிக்கடித் தழும்பு எல்லாவற்றையும் ஒதுக்கினால் கழிவும் ஏராளம். தோல் வேலைக்கு விலை ஏறுவது இதனால்தான்.

ரெக்சின் சுருளில் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். லேசாகச் சூடு காட்டினால் வளைவுகளில் படிந்துவிடும். திறந்த கார் மழையில் மாட்டினாலும் துடைத்தால் சரி. ஆனால் தையல் துளை வழியாக இறங்கும் தண்ணீர் ஸ்பாஞ்சில் தேங்கும், அதைக் காய வைத்தே ஆக வேண்டும். வயதானால் ரெக்சின் விறைத்து, தையல் ஓரமாகக் கிழியும். கிழிந்ததை மாற்றத்தான் வேண்டும். காய்ந்த தோலையோ பதப்படுத்தி, நிறம் ஏற்றி மீட்டுவிடலாம். அதனால் பழைய தோல் கிழியாமல் இருந்தால் கழற்றி எறியாதீர்கள்.

என்னைக் கேட்டால் காரின் வயதைப் பார்ப்பேன். ஆரம்பகால எம்.ஜி.பி.யில் உடம்பு படும் முகப்பு தோல். பக்கங்களும் பின்புறமும் ரெக்சின். ஆலையே இரண்டையும் கலந்துதான் தைத்தது. 1970 மாடலில் வந்த புது சீட்டுகள் ரெக்சினுக்கு மாறின. 1965 காருக்கு அந்தக் கலவை, 1972 காருக்கு நல்ல ரெக்சின் என்று வைத்துக்கொண்டால் காரின் அசல் தோற்றமும் கெடாது, பணமும் வீணாகாது.

அப்புறம், உறையைக் கழற்றினால் பல சீட்டுகளில் அடியில் கொக்கிகளில் மாட்டிய ரப்பர் விரிப்பு இருக்கும். உட்காருபவரின் எடையைத் தாங்குவது அதுதான். பல கார்களில் அது விறைத்து வெடித்திருக்கும், மேலே ஸ்பாஞ்சும் பொடிப்பொடியாக உதிரும். கையில் இருக்கும் பணம் தோலுக்கும் இந்த அடிவேலைக்கும் சேர்த்துப் போதாது என்றால், விரிப்பையும் ஸ்பாஞ்சையும் மாற்றிவிட்டு ரெக்சின் போடுங்கள். உதிர்ந்த ஸ்பாஞ்சின் மேல் தோல் போட வேண்டாம்.