வன்னி வளவுக்கு ஒரு குருவிப் பெட்டி

கிளிநொச்சியில் ஏ-9 வீதிக்கு அண்மையிலுள்ள மரக்காலை ஒன்றில், கதவு நிலைகளுக்கு அறுத்து மிஞ்சிய வேப்பம் பலகையில் குருவிகளுக்கான கூட்டுப் பெட்டிகள் செய்து விற்கிறார்கள். விலை 3,500 ரூபாய். வாங்கிய பெட்டி எங்கள் வளவில் நிற்கிறது. தச்சு வேலையில் குறை சொல்ல அதிகமில்லை என்றாலும், வாங்குமுன் கேட்டு மாற்றுவிக்க வேண்டியவை சில உண்டு.

பெட்டியில் ஒட்டியுள்ள நீலநிறக் குருவியின் படத்தை நம்பி வாங்குபவர் ஏமாறுவார். அது வட அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய பறவை. ஐரோப்பாவிலிருந்து அங்கு கொண்டுபோய் விடப்பட்ட சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவையும் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொள்ள, நீலக்குருவிகள் அருகிப்போயின. பொதுமக்கள் ஊரூராகப் பெட்டி நாட்டியதும், அதற்கெனவே 1978இல் ஒரு சங்கம் அமைந்ததுமே அவை மீளப் பெருகக் காரணமாயின. இந்த மரக்காலை பின்பற்றியிருப்பது அந்தப் பெட்டிகளின் அளவுகளைத்தான். ஒன்றரை அங்குல வாசலுக்குள் ஸ்டார்லிங் நுழைய முடியாது. நம்மூர் மைனாவும் நுழையாது. சிட்டுக்குருவி தாராளமாக நுழையும். அங்கே அதை விரட்டப் பாடுபடுகிறார்கள். ஓட்டு வீடுகளின் கூரை இறவாரங்கள் மறைந்து சீமெந்துக் கூரைகள் பெருகிய இங்கேயோ, கூடு கட்ட இடமின்றித் தவிக்கும் அந்தக் குருவிக்காகவே இதை வாங்கலாம். எங்கள் பெட்டிக்குள் ஒரு சோடி வைக்கோல் சேர்க்கத் தொடங்கிவிட்டது. குண்டுகரிச்சானை விரும்புவோர் இரண்டு அங்குல வாசல் கேட்க வேண்டும், ஆனால் அவ்வளவு அகன்றால் மைனாவும் குடியேறக்கூடும்.

முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகை வெயிலை ஓரளவு தடுக்கிறது. அடிப்பலகையின் நான்கு மூலைகளையும் சீவி நீர் வடியவும், கூரைக்குக் கீழே இடைவெளி விட்டுக் காற்று போகவும் வழி செய்திருக்கிறார்கள். வாசலுக்குக் கீழே உட்புறம் வாளால் கீறல்கள் இட்டிருப்பது, குஞ்சுகள் பற்றி ஏறுவதற்காக. இந்தக் கவனத்தைக் கடைப் பெட்டிகளில் காண்பது அரிது. பக்கப் பலகை ஒன்று திறப்பதால், குஞ்சுகள் பறந்த பின் பழைய கூட்டை அகற்றலாம்.

பிழைகள் இரண்டு. வாசலின் முன் செருகியுள்ள குச்சி பார்வைக்கு அழகு. பொந்தில் வாழும் குருவிக்கு அது தேவையில்லை, காகம் நின்று குஞ்சைக் குத்துவதற்கே உதவும். அதைக் கழற்றிவிட வேண்டும். கூரைத் தகரம் அதைவிடக் கேடு: சோளகம் வீசும் மாதங்களின் நடுப்பகல் வெயிலில் தகரத்தின் கீழ் குஞ்சுகள் வெந்துபோகும். பலகைக் கூரையே வேண்டும், அதுவும் வாசலுக்கு முன்னால் நன்றாக நீண்டிருக்க வேண்டும்.

மரத்தில் ஆணியடித்து மாட்டும்படி கடையில் சொல்கிறார்கள். நான் உடன்பட மாட்டேன். மரத்தில் சாரையும் பூனையும் ஏறும். ஆளுயர இரும்புக் குழாயில் நிறுத்தி, கூரையில் ஆகாத அந்தத் தகரத்தையே கூம்பாக வளைத்துப் பெட்டிக்குக் கீழே கவிழ்த்துவிட்டால் இரண்டும் ஏறுவது கடினம். வாடை மழையும் பின்னேர வெயிலும் உள்ளே புகாதபடி வாசலைத் தென்கிழக்கு நோக்கி வைப்பது நல்லது.

முன்கூட்டிச் சொன்னால் பலகைக் கூரை அடித்து, குச்சியில்லாமலே தருகிறார்கள். அதற்கு மேலதிகப் பணம் கேட்பதில்லை.