மட்டக்களப்புக் கல்லடியில் கிணறு இறைக்க ஆள் தேடுகிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் வேலை செய்தவர்களைப் பற்றி

இரண்டு வருசமும் நாலு மாதமும் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரத்துக்குள் மூன்று வேலைக்குக் காசு கொடுத்து ஆள் கூப்பிட்டோம். கரண்ட் வேலைக்கு ஒருவர், வளவு துப்புரவாக்க ஒருவர், கிணறு இறைக்க மூன்று பேர். முதல் இரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வந்தார்கள், செய்தார்கள், போனார்கள். கிணறு இறைத்தவர்களைப் பற்றி மட்டும் எழுதாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த வேலையைப் பிழையாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதை இதே வளவில் ஒருதரம் பட்டு அறிந்தவர்கள் நாங்கள்.

கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்ததால் போனோம், ஆறு மாதம் என்று போனது இழுபட்டுக்கொண்டே போய்விட்டது. திரும்பி வருகிற பயணம் டோஹா, கட்டுநாயக்கா, அப்புறம் கொழும்புக் கோட்டையில் இருந்து இரவுக் கோச்சி, அதாவது ரயில். யானை கடக்கிற கல்லோயாக் காட்டுப் பக்கம் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து, வாழைச்சேனை தாண்டும்போதுதான் விடிந்தது. மனிசி அந்த வழி முழுக்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "போன உடனே கிணத்தடியில பத்து வாளி ஊத்தி முழுகணும்". இரண்டு வருசமாகக் குளியலறைக்குள்ளே சுடுதண்ணீரில் குளித்து அலுத்துப்போன ஆள். ஓட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவிக் காற்று முகத்தில் அடித்தது, பக்கத்திலே வெள்ளைக்காரர் காலத்துப் பழைய பாலம், அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்து கிணற்றை மூடியிருந்த வலையைத் தூக்கிப் பார்த்தால் வலை ஒரு பக்கம் பிய்ந்து கிடக்கிறது. மாவிலை முழுக்க உள்ளே விழுந்து ஊறி, தண்ணீர் சாயம் அதிகமாகப் போட்ட தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது. ஒரு வாளி அள்ளினேன். அழுகிய இலை மணமும் தவளை மணமும் சேர்ந்து வந்தது. அந்த வாளியைக் கிணற்றுக் கட்டிலேயே வைத்துவிட்டு மனிசி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். போகும்போது லைனை மூடச் சொல்லி நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம், திரும்பத் திறப்பிக்க நாலைந்து நாள் எடுக்கும். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு மாமிதான் தண்ணீர் தந்தார். வந்து இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் வேலிக்கு மேலால் ஒரு அலுமினியக் குடம் நீண்டது, "இந்தா மனே, குடிக்கிறதுக்கு. புட்டு அவிச்சிருக்கன், மறுகா கொண்டு வாறன்" என்ற குரலோடு.

கிணறு இறைக்க ஆளைச் சொன்னதும் மாமிதான். உடனே கூப்பிடாமல் நான் கொஞ்சம் யோசித்தேன். காரணம் இருக்கிறது.

கல்லடி என்பது ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல், நடுவிலே மணல். எங்கள் வீடு இருப்பது உப்போடைப் பக்கம், பெயரிலேயே உப்பு இருக்கிறது. இந்த மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் எல்லாம் மழை பெய்து இறங்கியதுதான். அது கீழே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது, உப்புத்தண்ணீர் பாரம் என்பதால் அது அடியிலும் நல்லது மேலேயும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே ஒரு அடியை நிரந்தரமாக இறைத்து இறக்கினால் அடியிலே உப்பு அந்த 40 அடியும் ஏறி வரப் பார்க்கும். ஒரே நாளில் அவ்வளவும் ஏறாதுதான், ஆனால் பெரிய பம்பைப் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரிக் கிளம்பி மேலே வரும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க இதைக் கண்டது. கடல் புகுந்த கிணறுகளை நல்ல மனதோடு பல பேர் வந்து திரும்பத் திரும்ப இறைத்தார்கள், இறைத்த உப்புத்தண்ணீரைக் கிணற்றடியிலேயே விட்டார்கள், அது மணலுக்குள்ளால் இறங்கித் திரும்பக் கிணற்றுக்கே வந்தது, அடியில் இருந்தும் ஏறியது. எங்கள் கிணறு கடைசியில் தேறியது மாரி மழை கழுவித்தான். அப்படி இருந்தும் நாங்கள் 2016இல் அதே பிழையை விட்டோம். கூப்பிட்ட ஆட்கள் பெரிய பம்பை வைத்து முக்கால் மணித்தியாலத்தில் தரை தெரிய இறைத்துவிட்டார்கள். என்ன வேகம் என்று நான் சந்தோசப்பட்டேன். அடிமண் குமிழ் விட்டுக்கொண்டு வந்து கொட்டு (கிணற்றுச் சுவராக அடுக்கியிருக்கிற வளையம்) ஒன்று ஒரு பக்கம் சரிந்தது, தண்ணீர் மூன்று மாதத்துக்கு வாயில் வைக்க முடியாத உவர். அவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இந்த முறை போனில் பேசியவர் வயதானவர். விலை சொல்வதற்கு முன்னால் என்னைக் கேள்வி கேட்டார். எத்தனை கொட்டு, என்ன அகலம், கக்கூஸ் குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது, கடைசியாக எப்போது இறைத்தது. குழி 50 அடிக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது என்றதும்தான் வருகிறேன் என்றார். செவ்வாய் வருவதாகச் சொல்லிப் புதன்தான் வந்தார்கள், ஒரு போன்கூட எடுத்துச் சொல்லவில்லை, நாங்கள் ஒரு நாள் முழுக்கக் கடப்படியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இது குறைதான், அவரிடமே சொன்னேன், முதல்நாள் வேலை முடியவில்லை என்று காரணம் சொன்னார். சரி, ஆனால் போன் எடுத்திருக்கலாம்.

புதன் காலை ஆறரைக்கு அவரும் இரண்டு பொடியன்களும் வந்தார்கள். சின்னப் பெற்றோல் பம்பு ஒன்று, கயிறு, வாளிகள், கம்பித் தூரிகை, ஒரு சாக்கு நிறையப் பொச்சுமட்டை. பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவில்லை, கட்டுக்குப் பக்கத்திலும் வைக்கவில்லை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் புகை கிணற்றுக்கு வராத இடத்தில் வைத்தார்கள். இது சின்ன விசயம் இல்லை. கிணற்றுக்குள் இன்ஜினை இறக்கிப் புகை அடைத்து உயிர் போன கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறோம். உள்ளே இறங்கிய பொடியனுக்கு இடுப்பில் கயிறு, மேலே ஒருவர் அந்தக் கயிற்றை விட்டு அசையவில்லை, தேத்தண்ணி குடிக்கும்போதும் ஒரு கை கயிற்றில்தான். இறைக்கிற தண்ணீரைக் குழாய் போட்டு ஒழுங்கைக் கானுக்கு, அதாவது வடிகாலுக்கு விட்டார்கள், கிணற்றடியில் ஒரு சொட்டு விடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பாதிக் கிணறு இறைத்ததும் பம்பை நிறுத்திவிட்டு மாமரத்தடியில் போய் இருந்துவிட்டார்கள். அரை மணித்தியாலம். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது, நாள்கூலியை இழுக்கத்தான் செய்கிறார்களோ என்று நினைத்தேன், அதை மனிசியிடம் சொல்லியும்விட்டேன். அப்போது பெரியவர் எழும்பி, பொடியனைத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்கி, அவனிடம் ஒரு பேணியை இறக்கினார். பொடியன் வாவிப் பக்கத்துக் கொட்டின் பொருத்தில் இருந்து வடிகிற ஊற்றுத் தண்ணீரைப் பேணியில் பிடித்துக் கொடுத்தான். அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்று, துப்பினார். மறுகா கடல் பக்கத்து ஊற்று. அதையும் அப்படியே. பிறகு அடியில் நின்ற தண்ணீர். அதைத் துப்பிவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும் சேர். அடித்தண்ணியில உப்பு லேசாத் தட்டுது. இப்ப இழுத்தா மேல வந்திரும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் மரத்தடியைப் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு ஒருதரம், பத்தரைக்கு, பன்னிரண்டுக்கு என்று விட்டு விட்டு இறைத்தார்கள், ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான். தரை தெரிய ஒருபோதும் இறைக்கவில்லை, முழங்கால் அளவு எப்போதும் நின்றது. அந்த முழங்கால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே பொடியன் சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தான், நான் எண்ணிப் பார்த்தேன், 31 வாளி. சேற்றோடு ஒரு சில்வர் பேணியும் எப்போதோ விழுந்த கப்பியும் வந்தது. கொட்டுகளைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி, பொச்சுமட்டையால் தேய்த்து, மேல் மூன்று கொட்டின் பொருத்துகளைச் சீமெந்து வைத்து அடைத்தார்கள், மழைத்தண்ணீரும் வளவுத் தண்ணீரும் பக்கத்தால் இறங்காமல் இருக்க. கீழ்ப் பொருத்துகளைத் தொடவே இல்லை, அங்கேதான் ஊற்று வருகிறது. கடைசியாக அடியில் கழுவிய சின்னக் கல் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினார்கள். மோட்டரின் உறிஞ்சு குழாய் நுனியில் இருக்கிற புட்வால்வு சேற்றிலே புதைந்து கிடந்தது, அதைக் கேட்காமலே கழுவி, அடியில் இருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டிவிட்டார்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

குளோரின் போடுவதிலும் ஒழுங்கு இருந்தது. நாலடிக் கொட்டு, தண்ணீர் ஊறி ஐந்தடிக்கு வந்ததும் கிட்டத்தட்ட 1,800 லீட்டர் என்று கணக்குப் பார்த்துத்தான் பவுடரை எடுத்தார். அதை அப்படியே கிணற்றுக்குள் கொட்டவில்லை. வாளியில் கரைத்து, பவுடரில் இருக்கிற சுண்ணாம்பு அடியில் படியும்வரை வைத்திருந்து, மேலே நின்ற தெளிந்த தண்ணீரை மட்டும் கிணற்றுச் சுவரைச் சுற்றிக் கழுவினாற்போல ஊற்றினார். பிறகு மோட்டரைப் போட்டு அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மணம் வந்ததும் பூட்டச் சொன்னார். இரண்டு வருசம் காய்ந்து கிடந்த குழாய்க்குள் என்ன இருந்ததோ, குசினிக் குழாயில் முதலில் வந்த தண்ணீரைப் பார்த்தபோது இது எவ்வளவு தேவை என்று விளங்கியது. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டு, பிறகு மணம் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கச் சொன்னார். இனிமேல் வழமையாகப் போடுவதென்றால் 1,000 லீட்டருக்கு 2.5 கிராம் பவுடர் காணும், அதாவது எங்கள் கிணற்றுக்கு ஒரு சின்னத் தேக்கரண்டி, இதுவரை கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மூன்று மணிக்கு முடிந்தது. 14,000 ரூபாய் எடுத்தார்கள். 2016 ஆட்கள் வாங்கியதைவிட நல்லாக் கூடத்தான், காலமும் மாறிவிட்டது, ஒரு நாள் முழுக்க மூன்று பேர் நின்றதற்கு எனக்கு அது நியாயமான காசு. குறை என்றால் இரண்டு. அள்ளிய சேற்றை வேலி ஓரம் மல்லிகைக்குப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள், அதை அகற்ற வேறு ஆள் பிடிக்க வேண்டி வந்தது, ஆகவே முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மற்றது அந்த ஒரு நாள் சுணக்கம். அவசரம் என்றால் இவர்கள் சரிவர மாட்டார்கள்.

வெளிநாட்டில் இருந்து வர இருக்கிறவர்கள் வந்து இறங்கிய பிறகு தேடாதீர்கள். வருவதற்கு மூன்று நாலு நாள் முன்னாலேயே சொந்தக்காரர் யாரிடமாவது திறப்பைக் கொடுத்துச் செய்விக்கலாம், குளோரின் மணமும் அதற்குள் போய்விடும். ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் இறங்கி இருக்கும், சேறு முழுக்க எடுக்கலாம். மாரி தொடங்கி கிணறு முட்டி நிற்கும்போது கூப்பிட்டால் அவர்களே வரமாட்டார்களாம். பெயர்ப்பலகை எதுவும் இல்லை, நம்பரை அவரைக் கேட்காமல் பொதுவில் போடவும் எனக்கு விருப்பம் இல்லை. கல்லடிப் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில் "நாக்கில வச்சுப் பார்த்து இறைக்கிற பெரியவர்" என்று கேளுங்கள், சொல்லுவார்கள்.

வெள்ளி பின்னேரம் மணம் குறைந்தது, சனி விடியப்புறம் வாளியின் அடி தெரியத் தெளிந்த தண்ணீர். மனிசி பத்து வாளி என்றவள் எத்தனை வாளி ஊற்றினாள் என்று நான் எண்ணவில்லை, தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது பாதி வளவு நனைந்து கிடந்தது. அப்புறம் மாமியின் அலுமினியக் குடத்தைச் சாம்பல் போட்டு மினுக்கி, அதில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வேலிக்கு மேலால் கொடுத்தாள். மாமி அந்த இடத்திலேயே ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பில்ல புள்ள" என்றார்.