தாராவிப் பொங்கலுக்கு 50ஐ-யா, 25பி-யா?

தாராவி 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைப்பதைப் பழைய கேம்கார்டரில் 50ஐ (50i) என்ற வீடியோ முறையில் எடுத்தேன். பழைய குண்டு டிவியில் போட்டால் கையசைவெல்லாம் வழுவழுவென ஓடியது. அதையே கம்ப்யூட்டரில் பார்த்தால், கிளறும் கரண்டியின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருந்தது. 50ஐ என்றால் நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒன்றில் படத்தின் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை. நடுவே 1/50 நொடி. அதற்குள் கரண்டி நகர்ந்துவிடுகிறது; கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டும்போது ஓரம் கிழிகிறது.

25பி-யில் (25p) நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றும் முழுப்படம், சீப்பு கிடையாது. கேமராவை வேகமாகத் திருப்பினால் மட்டும் தடதடக்கும்.

யூடியூபுக்கு என்றால் என் ஓட்டு 25பி-க்கு. கேமராவில் 50பி (நொடிக்கு 50 முழுப்படங்கள்) இருந்தால் இன்னும் நல்லது. பழைய 50ஐ டேப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது அரைப்படங்களை முழுப்படங்களாக மாற்றி, 50பி ஆக்குங்கள். 25 ஆக்கினால் பாதி அசைவு போச்சு. அப்புறம், போனில் பெரும்பாலும் நொடிக்கு 30 படம்தான் இருக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தாவிட்டால் டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும்.