வெஸ்ட் சிஸ்டம் 105: பினாங்கு வெயிலில் படகுத் தரை மாற்ற ஏற்றதா?

ஃபைபர் படகின் விரிசலை அடைக்கவும் ஊறிப்போன தரையை மாற்றவும் இந்த எப்பாக்சி (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) தாராளமாகத் தகும். ஆனால் பத்து மாவுங், தெலுக் பஹாங் வெயிலில் எந்த ஹார்டனர் என்பதுதான் முதல் கேள்வி. வேகமாக இறுகும் 205 வேண்டவே வேண்டாம். மெதுவாக இறுகும் 206-க்கு, கலந்த பின் வேலை செய்ய 22 டிகிரியில் 20 முதல் 25 நிமிட அவகாசம். 32 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான். தரை வேலைக்கு இன்னும் மெதுவாக இறுகும் 209 வாங்குங்கள். அதற்குப் பிசினும் ஹார்டனரும் கலக்கும் விகிதம் 3:1, மற்ற இரண்டுக்கும் 5:1, அளந்து ஊற்றும் பம்பும் வேறு. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கலந்ததை டப்பாவில் வைத்திருந்தால் சூடேறிப் புகையும். உடனே அகலத் தட்டில் ஊற்றுங்கள்.

பழைய தரையை ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள். நீர் கோத்த ஃபோமை முழுக்க எடுங்கள். நீளச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே மக்கியிருக்கிறது, அதன் மேல் புதுத் தரை போடுவது வீண்செலவு.

சிறிய படகுக்கு 12 மி.மீ. பிஎஸ் 1088 மரைன் பிளைவுட் போதும். வெட்டு விளிம்புக்கும் திருகு ஓட்டைக்கும் மூன்று பூச்சு கொடுங்கள். நீர் நுழைவது அங்கேதான்.

விரிசலைச் சுற்றி 12-க்கு 1 சரிவில் (1 பங்கு தடிமனுக்கு 12 பங்கு அகலம்) தேய்த்து, பையாக்சியல் துணி (இரண்டு திசையில் இழை ஓடும் கண்ணாடி இழைத் துணி) ஒட்டுங்கள். நறுக்கிய இழைகளாலான சாதாரண மேட் வேண்டாம், இழைகளைப் பிடித்திருக்கும் அதன் பைண்டர் எப்பாக்சியில் சரியாகக் கரையாது.

206-இலும் 209-இலும் இறுகிய பின் மெழுகுப் படலம் வரும், நம் ஈரக்காற்றில் அதிகமாகவே. தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் கொண்டு கழுவிய பிறகே சாண்டிங்.

விலை பாலியெஸ்டர் பிசினைவிடக் கூடுதல். வெயில் படும் இடத்தில் பெயின்ட் அடிக்காமல் விடக்கூடாது.