காராமணியில் வறட்சி தாங்கும் ரகம்: தொட்டியா, பெட்டியா?

கையில் ஏகப்பட்ட காராமணி ரகங்கள், முதல் சுற்றிலேயே பாதியைக் கழிக்க வேண்டும் என்றால் என் ஓட்டு பெட்டிக்குத்தான், அதாவது எல்லா ரகத்தையும் ஒரே மரப்பெட்டியில் வளர்த்துத் தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் முறைக்கு. நான் செய்ததும் அதுதான் என்பதால் கொஞ்சம் சாய்ந்தே எழுதுகிறேன்.

பெட்ரி தட்டில் (ஆய்வகத்துச் சின்னத் தட்டு) பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் ஊற்றி, விதை எளிதில் தண்ணீரை உறிஞ்ச முடியாதபடி செய்து முளைக்க வைப்பது வேகமான வேலை, இடமும் வேண்டாம். ஆனால் முளைப்புக்கு மேல் எதையும் சொல்லாது, விதை பழசாக இருந்தால் பழி ரகத்தின் மேல் விழும்.

அடுத்தது தொட்டி. ரகத்துக்கு ஒரு தொட்டி, தண்ணீரை நிறுத்து, எது முதலில் வாடுகிறது பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய இலை விட்டு மளமளவென வளரும் செடி தன் தொட்டியின் ஈரத்தைச் சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிடும், பக்கத்துத் தொட்டியில் இருக்கும் சவலைச் செடி மெதுவாகக் குடிப்பதால் அதன் மண் இன்னும் ஈரமாகவே இருக்கும், நாமோ சவலைக்கு 'வறட்சி தாங்கும்' என்று மதிப்பெண் போட்டுவிடுவோம். இரண்டும் ஒரே வறட்சியைப் பார்க்கவே இல்லை. அன்றாடம் எடை பார்த்து மண் ஈரத்தைச் சமன் செய்யலாம், சரி, நூறு ரகத்துக்கு யார் செய்வது?

பெட்டியில் இந்தச் சிக்கல் பெருமளவு போய்விடுகிறது. சுமார் 15 செ.மீ. ஆழமுள்ள மரப்பெட்டி, ரகங்கள் வரிசை வரிசையாக, எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே ஈரம். முதல் மூவிலை (மூன்று சிற்றிலைகள் சேர்ந்த இலை) வந்ததும் தண்ணீரை நிறுத்தி வாடுகிற செடிகளை எண்ணுவது, நோஞ்சான் ரகங்கள் காய்ந்தபின் மறுபடி ஊற்றி எது எழுகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். 1999-ல் ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில்தான் இரண்டு வகைத் தாங்குதிறனைப் பிரித்தார்கள்: வளர்ச்சியை நிறுத்திச் செடி முழுக்க ஈரத்தைக் காப்பது ஒன்று, அடியிலைகளைக் காயவிட்டு நுனிக் குருத்தை மட்டும் காப்பது இன்னொன்று. டான் இலா என்கிற காராமணி ரகம் இரண்டாம் வகை.

பெட்டிக்கும் குறை உண்டு. ஆழம் இல்லாததால் ஆழ வேர் விட்டுத் தப்பிக்கும் நல்ல ரகம் இதில் தோற்றுப்போகும். அதற்கு உயரமான குழாயில் வளர்த்துப் பார்க்க வேண்டும், எனக்கு அதில் அனுபவம் குறைவு. நாற்றில் தாங்கியது காய் பிடிக்கும்போதும் தாங்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆகவே மிஞ்சியவை வயலுக்குப் போகட்டும், பாசனத்தோடு ஒரு பாத்தி, பாசனமில்லாமல் ஒரு பாத்தி. அப்புறம், பூக்கும் நாளைக் குறித்து, ஒரே சமயம் பூப்பவற்றை மட்டும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். முந்திப் பூத்து வறட்சிக்கு முன்பே காய்த்து முடித்த ரகம் வறட்சியைத் தாங்கவில்லை, நழுவிவிட்டது.