கேம் ஆஃப் த்ரோன்ஸ்: நாவலுக்கும் தொடருக்கும் நடுவே ஒரு நிலவறை

எட்டு சீசனையும் பார்த்து முடித்தவர்கள் வழக்கமாகக் கேட்பது இது: “கதைதான் தெரிஞ்சுபோச்சே, இனிமேல் அந்தத் தலையணை சைஸ் புத்தகங்களை எதுக்குப் படிக்கணும்?” படிக்கணும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்பதைச் சொல்ல எல்லா முடிச்சையும் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே தொடரைப் பாதியில் வைத்திருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் கணக்கு. இந்தக் கதை வரிசையில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்து நாவல்கள் இதுவரை வந்திருக்கின்றன: 1996, 1998, 2000, 2005, 2011. மொத்தம் ஏழு என்பது திட்டம். எச்.பி.ஓ. தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் முடிந்தது, 73 எபிசோடுகள். சீசன் 1 முதல் நாவல், சீசன் 2 இரண்டாவது. மூன்றாவது நாவலான ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்’ 3, 4 என இரண்டு சீசன்களுக்குப் பிரிந்தது. நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்து சீசன் 5-இல் அடைத்தார்கள், சில துண்டுகள் மட்டும் ஆறாவதுக்குப் போயின. அதன் பிறகு தொடர் தனி வண்டி. எனவே கடைசி இரண்டு சீசன்களை நாவலோடு ஒப்பிட வழியே இல்லை. ‘மார்ட்டின் இதை இப்படி முடித்திருக்க மாட்டார்’ என்று சத்தியம் செய்பவர்களை நம்ப வேண்டாம். ஒப்பிட அந்தப் பக்கம் எதுவும் அச்சில் இல்லை.

எல்லோரும் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்க் குடும்பத்தில் வளரும் ஜானுக்கும் ராபுக்கும் நாவலில் 14 வயது, தொடரில் 17. லேடி ஸ்டோன்ஹார்ட், விக்டேரியன், அரியான், ‘நான்தான் ஏகான்’ என்று வந்து இறங்கும் இளைஞன் ஆகியோர் தொடரில் கிடையாது. தலைநகரைக் காக்கும் பிளாக்வாட்டர் போருக்காக, லானிஸ்டர் குடும்பத்துக் குள்ளன் டிரியன் கொல்லர்களை வைத்து மாதக்கணக்கில் செய்ய வைக்கும் ராட்சதச் சங்கிலியும் கிடையாது. அந்தப் போரில் நாவலின் டிரியனுக்கு மூக்கே பெரும்பகுதி போய்விடுகிறது, தொடரில் முகத்தில் ஒரு தழும்போடு தப்பிக்கிறான். இதையெல்லாம் குறையாக நான் எண்ணுவதில்லை. பணம், நேரம், ஒப்பனை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

தொடர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு, மனசாரச் சொல்ல வேண்டியவை. நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒருவர் கண் வழியாகத்தான் நகரும். அத்தியாயத்தின் தலைப்பே பெரும்பாலும் அவர் பெயர்தான். முதல் நாவலில், முன்னுரை அத்தியாயத்தை விட்டுவிட்டால், அப்படி எட்டு பேர். அந்த எட்டு பேரும் இல்லாத அறையில் என்ன நடந்தாலும் நமக்குத் தெரியாது. கேமராவுக்கு அந்தத் தடை இல்லை. சீசன் 1-இன் ஐந்தாவது எபிசோடில் அரசன் ராபர்ட்டும் அரசி செர்சியும் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஐந்து பெரிதா, ஒன்று பெரிதா என்று அவன் கேட்கிறான், ஐந்து என்கிறாள். ஒரு கையின் ஐந்து விரல்களை விரித்துக் காட்டிவிட்டு மறு கையை முஷ்டியாக மடக்குகிறான். பதினேழு வருடத்து உளுத்துப்போன கல்யாணமும் ஒரு ராஜ்யத்தின் படைபலமும் அந்த ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன. நாவலில் இது இல்லை. ஹாரன்ஹால் கோட்டையில், தான் யார் என்பதை மறைத்து வாழும் ஸ்டார்க் வீட்டுப் பெண் ஆர்யா, டிரியனின் அப்பா டைவினுக்கு மது ஊற்றிக் கொடுப்பதும் தொடரின் கைச்சரக்கு. நாவலில் அவள் ஊற்றிக் கொடுப்பது ரூஸ் போல்டன் என்ற பிரபுவுக்கு. பேச்சில் ‘மை லார்ட்’ என்று சுத்தமாக வருகிறதே, தாழ்ந்த குடியில் பிறந்த பெண் ‘மிலார்ட்’ என்றல்லவா சொல்வாள் என்று டைவின் அவளைப் பிடிக்கும் இடம், வசனம் எழுதக் கற்பவர்கள் நாலு தடவை பார்க்க வேண்டியது.

இன்னொன்று ஹார்ட்ஹோம். ஐந்தாவது நாவலில் அந்த ஊரின் கதி ஜானுக்கு ஒரு கடிதமாகத்தான் வருகிறது: காட்டில் செத்தவை, தண்ணீரில் செத்தவை என்று நாலைந்து வரி. சீசன் 5-இன் எட்டாவது எபிசோடு அந்த வரிகளை ஒரு முழுப் படுகொலையாக விரித்தது. கடிதத்தின் குளிர் ஒரு விதம், கரையில் நின்று இரவின் அரசன் கைகளை உயர்த்த, செத்தவர்கள் எழுவது வேறு விதம். இதில் என் ஓட்டு தொடருக்கு. ரமீன் ஜவாடியின் இசைக்கும் டயானா ரிக்கின் ஒலென்னாவுக்கும் நாவல் தரப்பில் பதிலே இல்லை.

அப்படியிருந்தும் நாவல் பக்கம் ஏன் நிற்கிறேன்? தலைக்குள் நடப்பதற்காக. ‘நாவலில் மனவோட்டம் இருக்கும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் அது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். இங்கே மனவோட்டம்தான் கதையின் எஞ்சின். அதைக் கழற்றினால் வண்டி கொஞ்ச தூரம் சரிவில் தானாக ஓடும், பிறகு நிற்கும்.

சின்ன உதாரணம் ஒன்று. பிளாக்வாட்டர் இரவில் முரட்டு வீரன் சான்டர், ஆர்யாவின் அக்கா சான்ஸாவின் அறைக்குள் வருகிறான், அவள் பயந்து ஒரு துதிப்பாட்டைப் பாடுகிறாள், அவன் தன் மேலங்கியை விட்டுவிட்டுப் போகிறான். முத்தம் எதுவும் இல்லை. அத்தியாயத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் அடுத்த இரண்டு நாவல்களில் அவன் தன்னை முத்தமிட்டதாகவே அவள் நினைத்துக்கொள்கிறாள். அது பொய் என்று ஆசிரியர் எங்கும் சொல்வதில்லை. முந்தைய புத்தகம் நினைவிருப்பவருக்கு மட்டும் உறுத்தும். கேமராவால் இதைச் செய்ய முடியாது. காட்டினால் நடந்ததாகிவிடும், காட்டாவிட்டால் இல்லவே இல்லை.

ராம்சி என்ற கொடியவனிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்ட தியானின் கதை இதைவிடப் பெரியது. ஐந்தாவது நாவலில் அவனுக்கு ஏழு அத்தியாயங்கள். முதல் மூன்றின் தலைப்பு ‘ரீக்’, ராம்சி வைத்த இழிபெயர். பிறகு ‘வின்டர்ஃபெல்லின் இளவரசன்’, ‘கட்சி மாறி’, ‘வின்டர்ஃபெல்லில் ஒரு பேய்’, ஏழாவதில்தான் ‘தியான்’. பொருளடக்கத்தை மட்டும் பார்த்தாலே ஒரு மனிதன் தன் பெயரை மீட்டெடுப்பது தெரிகிறது. அந்த நேரம் ராம்சிக்குக் கட்டிவைக்கப்படுவது ஆர்யா என்று பொய் சொல்லிக் கொண்டுவரப்படும் ஜேன் பூல், சான்ஸாவின் பழைய தோழி. அவள் போலி என்று தியானுக்குத் தெரியும், அந்தப் பொய்க்குச் சாட்சியாகத்தான் அவனையே நிறுத்துகிறார்கள். பெயரைத் தொலைத்தவன் ஒருவன், வேறு பெயர் சுமத்தப்பட்டவள் ஒருத்தி. ஜேன் இருந்த இடத்தில் தொடர் சான்ஸாவையே வைத்தது. பட்ஜெட்டுக்கும் நடிகர் கணக்குக்கும் அது சரிதான். ஆனால் அந்தப் பெயர் விளையாட்டு அங்கேயே செத்துப்போனது.

இப்போது தலைப்பில் சொன்ன நிலவறை. மூன்றாவது நாவலின் கடைசி டிரியன் அத்தியாயமும் சீசன் 4-இன் பத்தாவது எபிசோடும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றேதான். மரண தண்டனை விதிக்கப்பட்ட டிரியனை அண்ணன் ஜேமி சிறையிலிருந்து விடுவிக்கிறான். டிரியன் தப்பிக்காமல் அப்பாவின் அறைக்கு ஏறுகிறான், தன் காதலி ஷேயைக் கொல்கிறான், கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் டைவினை குறுக்குவில்லால் எய்கிறான். தொடரில் அண்ணனும் தம்பியும் கட்டியணைத்து விடைபெறுகிறார்கள். சரி, அப்புறம் அவன் ஏன் மேலே ஏறினான்? கப்பல் காத்திருக்கிறது, சிக்கினால் தலை போய்விடும். தொடரில் இதற்குப் பதில் கிடையாது. டைவின் மீது பொதுவாக இருந்த கோபம் என்று நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நாவலில் பதில் ஒரே பெயர்: டைஷா. டிரியனுக்கு 13 வயதில் ஒரு குடியானவன் மகளோடு ரகசியத் திருமணம், இரண்டு வாரக் குடித்தனம். அவள் காசுக்கு வந்த வேசி என்று டைவின் ஜேமியை விட்டே சொல்ல வைக்கிறான். பிறகு அவளைக் காவலாட்களிடம் விடுகிறான், ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு; கடைசியில் டிரியனையும் போகச் சொல்லி ஒரு பொற்காசு. லானிஸ்டர் என்றால் விலை கூட அல்லவா. இந்தக் கதையை முதல் நாவலில் டிரியன் கூலிவீரன் பிரோனிடம் சொல்கிறான். தொடரும் இதைச் சொல்லியது, சீசன் 1-இன் ஒன்பதாவது எபிசோடில், கூடாரத்துக்குள். விதை போட்டார்கள், அறுவடைக்கு வரவில்லை.

நாவலின் சிறைவாசலில் ஜேமி உண்மையைச் சொல்லிவிடுகிறான்: அவள் வேசியே இல்லை, அப்பா சொல்லச் சொன்ன பொய் அது. அந்த நிமிடம் டிரியனிடம் மிச்சமிருந்த ஒரே பாசமும் அறுந்துபோகிறது. அண்ணனை அடிக்கிறான். செர்சியின் மகன் ஜாஃப்ரியைக் கொன்றது நான்தான் என்று பொய் சொல்கிறான். ஜேமியின் இரட்டைச் சகோதரியும் ரகசியக் காதலியுமான செர்சி லான்சலோடும் ஆஸ்மண்ட் கெட்டில்பிளாக்கோடும் படுத்தவள், கோமாளி மூன்பாயையும் சேர்த்துக்கொள் என்று விஷத்தைக் கக்குகிறான். பிறகு படியேறி அப்பாவிடம் கேட்பது டைஷாவை என்ன செய்தாய் என்றுதான். வேசிகள் போகிற இடத்துக்குப் போயிருப்பாள் என்று பதில் வருகிறது, அம்பு பாய்கிறது.

இந்த ஐந்து நிமிடப் பேச்சைத் தொடர் வெட்டியதன் விலை அடுத்த நாலு சீசன்களில் தெரிகிறது. ஐந்தாவது நாவலின் டிரியன் ‘வேசிகள் எங்கே போவார்கள்?’ என்று போகிற ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிற, பார்க்கிறவரையெல்லாம் காயப்படுத்துகிற, கேவலமான ஆள். பிடிக்காது, ஆனால் ஏன் அப்படி ஆனான் என்பது விளங்கும். தொடரின் டிரியன் கொஞ்ச நாள் குடிக்கிறான், அப்புறம் நல்ல யோசனை சொல்லும் அமைச்சராகிவிடுகிறான். கடைசி சீசன்களில் அவன் புத்திசாலித்தனம் எங்கே போனது என்று புலம்புகிறவர்கள், அவனுடைய கசப்பு எங்கே போனது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஜேமியின் பக்கமும் அதே கதி. நான்காவது நாவல் முழுக்க ‘லான்சல், ஆஸ்மண்ட், மூன்பாய்’ என்ற அந்த வரி அவன் மண்டைக்குள் பல்வலி மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. டல்லி குடும்பத்தின் ரிவர்ரன் கோட்டை முற்றுகையில், அதன் பிரபு எட்மூரிடம், கோட்டையை ஒப்படைக்காவிட்டால் உன் குழந்தையைக் கவண் பொறியில் வைத்து வீசுவேன் என்று மிரட்டுவது இரண்டிலும் உண்டு. நாவலில், ஸ்டார்க்குகளுக்கும் டல்லிகளுக்கும் எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று ராபின் தாய் கேட்லினுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் கோட்டையைப் பிடிக்க, ஜேமிக்கு மிரட்டல்தான் ஒரே வழி. தொடரில், செர்சியிடம் திரும்பிப் போவதற்காக எதையும் செய்வேன் என்கிறான். மிரட்டல் ஒன்றுதான், ஆள் வேறு. நாவலில் செர்சியின் கடிதம் வருகிறது: உடனே வா, காப்பாற்று, உன்னை நேசிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருக்கிறது. படித்துவிட்டு, பதில் உண்டா என்று கோட்டைப் பண்டிதர் கேட்க, கடிதத்தை உதவியாளனிடம் கொடுத்து, இல்லை, இதை நெருப்பில் போடு என்கிறான். தொடரின் ஜேமி சீசன் 8-இல் அவளிடமே ஓடியதைக் கண்டு கொதித்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அவனுக்கு அந்தக் கடிதத்தை எரிக்கும் காரணமே யாரும் கொடுக்கவில்லை.

நாவல்களின் குறைகளையும் மறைக்கக் கூடாது. நான்காவதையும் ஐந்தாவதையும் மார்ட்டின் காலவரிசைப்படி வெட்டாமல் ஊர்வாரியாக வெட்டினார். அதனால் ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’-இல் டிரியன், ஜான், டெனேரிஸ் மூவருக்கும் அத்தியாயமே இல்லை. பலர் தொடரை விட்டுப் படிக்க வந்து, ‘எனக்குக் கதை தெரியும், நாலாவதிலிருந்து தொடங்குகிறேன்’ என்று இங்கேதான் கவிழ்கிறார்கள். அதன் கடைசியில், மீதிப் பேர் அடுத்த வருடம் வந்துவிடுவார்கள் என்ற தொனியில் ஒரு குறிப்பு இருக்கும். அந்த அடுத்த புத்தகம் ஆறு வருடம் கழித்து வந்தது. டெனேரிஸ் ஆளும் மீரீன் நகரத்து அத்தியாயங்கள் இழுக்கும். சாப்பாட்டு வர்ணனை ஒரு கட்டத்தில் சமையல் புத்தகமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு இல்லை. முடிவு தெரியாமல் தூக்கம் வராது என்பவர்களுக்குத் தொடர்தான் ஒரே வழி.

வாங்கப் போகிறவர்களுக்கு: நம் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் பதிப்புப் பெட்டியில் ஏழு புத்தகங்கள் இருக்கும். நாவல் வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்து ஏமாற வேண்டாம், மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒலிப்புத்தகம் கேட்பவர்களுக்கு ராய் டோட்ரிஸ்; முதல் நாவலில் மட்டும் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து கின்னஸில் ஏறியவர். ஆனால் பிந்தைய புத்தகங்களில் சிலருடைய குரலும் உச்சரிப்பும் மாறிவிடும், யார் பேசுகிறார்கள் என்று குழம்பும். முதல் வாசிப்புக்கு அச்சுதான் நல்லது; பின்னிணைப்பில் குடும்பவாரியாகப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, அங்கே ஒரு அட்டையைச் செருகி வையுங்கள்.

ஐந்தையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் மூன்றாவதை மட்டும் முழுதாகப் படியுங்கள். அதுவும் முடியாது என்றால், நூலகத்தில் எடுத்து அதன் கடைசி டிரியன் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, அன்றைக்கே சீசன் 4-இன் பத்தாவது எபிசோடைப் போட்டுப் பாருங்கள். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொள்ளும் இடம் வரும்போது, நடுவில் ஒரு பெயர் விடுபட்டது காதில் கேட்கும்.