ஈயமா, கிரிம்பா? பஸ் பாடி வயரிங்கில் எது நிற்கும்

கரூர் பஸ் பாடி பட்டறையானாலும், நாமக்கல் லாரி பட்டறையானாலும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியானாலும், ஹார்னஸ் (வண்டியின் வயர் கட்டு) டிசைனில் கடைசிவரை ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு: வயர் நுனியில் மாட்டும் உலோக முனையான டெர்மினலில் வயரை ஈயம் உருக்கிப் பிடிப்பதா, கிரிம்ப் செய்வதா, அதாவது டெர்மினலின் இதழ்களை மடக்கி அழுத்திப் பிடிப்பதா?

ஈயத்துக்கு ஆதரவாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சோல்டரிங் அயர்ன் விலை குறைவு, எந்த அளவு வயருக்கும் அதே கருவி போதும், நன்றாகப் பிடித்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆடாத பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு ஈயமே சரி.

வண்டியில் கதை வேறு. உருகிய ஈயம் செப்பு இழைகளின் இடுக்கு வழியே ஏறி, இன்சுலேஷனுக்குள்ளும் சில மில்லிமீட்டர் போய்விடுகிறது. வளைந்துகொடுக்க வேண்டிய வயர் அந்த இடத்தில் ஒற்றைக் கம்பியாக இறுகிவிடும். அதிர்வு முழுவதும் இறுகிய பகுதி முடியும் ஓரத்தில் சேர்வதால் இழைகள் ஒவ்வொன்றாக அங்கேதான் அறும். மேலே இன்சுலேஷன் முழுசாக இருக்கும். எனவே வெளியே ஒன்றும் தெரியாது. பள்ளத்தில் இறங்கும்போது அணைந்து, மேடேறும்போது எரியும் டெயில் லேம்ப்புக்கு இது அடிக்கடி காரணம். ஆசிட் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் அமிலப் பூச்சு) போட்டிருந்தால் பச்சைக் களிம்பும் சேர்ந்துகொள்ளும்.

கிரிம்ப் அதிர்வைத் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை: டூல் சரியாக இருக்க வேண்டும். கட்டிங் பிளையரால் நசுக்கியதைக் கிரிம்ப் என்று சொல்லவே கூடாது. இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும், ஈரம் புகும், செப்பு கறுக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறி டெர்மினல் சுடும். அப்படிச் செய்வதைவிட ஒழுங்காக வைத்த ஈயமே மேல். நசுக்கிவிட்டு, 'பலத்துக்கு' மேலே ஈயமும் ஊற்றுவது இரண்டின் குறையையும் ஒரே இடத்தில் சேர்ப்பதுதான்.

முழுதாக அழுத்திய பிறகே திறக்கும் ராட்செட் டூல் குறைந்தபட்சத் தேவை. எண்ணிக்கை கூடினால் அப்ளிகேட்டர் (டெர்மினலுக்கேற்ற அச்சு) வைத்த பிரஸ். உரிக்கும்போது ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. முன்பக்கம் இழை நுனி அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தலைகாட்ட வேண்டும். டெர்மினலில் செப்பைப் பிடிக்கும் முன்பிடிக்கும் இன்சுலேஷனைப் பிடிக்கும் பின்பிடிக்கும் நடுவே செப்பும் இன்சுலேஷனும் இரண்டுமே தெரிய வேண்டும். செப்பைப் பிடிக்கும் பகுதியின் பின் ஓரம் எக்காளம்போல் சற்று விரிந்திருக்க வேண்டும். அந்த விரிவு இல்லாவிட்டால் விளிம்பே இழையை அறுத்துவிடும். பின்பிடி இன்சுலேஷனைத் தழுவ வேண்டும், குத்தக் கூடாது.

பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். பின்பிடியை மடக்காமல் செப்புப் பிடியை மட்டும் கிரிம்ப் செய்த மாதிரி வேண்டும். இல்லாவிட்டால் இன்சுலேஷனின் பலம் சேர்ந்து பொய்க் கணக்கு வரும். ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60352-2 தரப்படி 1.5 சதுர மி.மீ. வயர் 150 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 15 கிலோ எடை தாங்க வேண்டும், 2.5 சதுர மி.மீ. என்றால் 230 நியூட்டன். அதற்குக் கீழே வயர் உருவிக்கொண்டு வந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது டெர்மினல் அளவு பெரிது. பிடியின் ஓரத்தில் இழை அறுந்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது.

வயரில் இன்னொரு தேர்வு, சுருக்கமாக: கூரை, சீட் பகுதிக்கு 105 டிகிரி வரை தாங்கும் பிவிசி இன்சுலேஷன் போதும். எஞ்சின், டர்போ, போர்வெல் ரிக்கின் கம்ப்ரஸர் பக்கம் 125 டிகிரி எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன்) போடாவிட்டால் இன்சுலேஷன் இறுகி வெடிக்கும். இன்சுலேஷன் தடிமன் மாறினால் பின்பிடியின் உயரமும் மாறும், அதைத் திரும்ப செட் செய்தாக வேண்டும்.

வழியில் ரிப்பேருக்கு ஈயம்தான் கதி என்றால், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, இணைப்பின் இருபுறமும் கிளாம்ப் அடித்து ஆடாமல் கட்ட வேண்டும். டிராயிங்கில் 'கிரிம்ப்' என்று மட்டும் எழுதினால் போதாது. டெர்மினல் பாகம் எண், வயர் அளவு, உரிக்கும் நீளம், கிரிம்ப் உயரம் (அழுத்திய பின் பிடியின் உயரம்), இழுவிசை ஐந்தும் வர வேண்டும். வயர் ரீல் மாறும்போதெல்லாம் முதல் பீஸின் கிரிம்ப் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே மீதியை ஓட்ட வேண்டும்.